பயிர்க் கிருமிகளின் படைக்கலம்

நெற்கதிர் தலைகாட்டும் பருவத்தில் வயலிலே சில பயிர்களின் இலைநுனி வெளிறி வைக்கோல் நிறமடைந்து, அக்கருகல் இலையின் இரு விளிம்புகளையும் பற்றி அலையலையாய்க் கீழிறங்குவதுண்டு. காண்போர் அதனை நீர்க்குறை என்றோ உரக்குறை என்றோ எண்ணிவிடுவர். ஐயம் தீர்வதற்கு எளிய வழியொன்று உளது. அவ்விலைகளுள் ஒன்றைக் கருகலும் பசுமையும் கூடுமிடத்தில் கத்தரித்து, வெட்டுவாய் தோயுமாறு தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்திச் சிறிதுபொழுது பார்த்திருந்தால், வெட்டுவாயினின்றும் பால்போற் கலங்கிய இழையொன்று நீரில் இறங்கக் காணலாம். அவ்விழையிலே திரண்டிருப்பன உயிருள்ள கிருமிகள். இலையின் நீர்க்குழாய்களை அடைத்துக்கொண்டு பல்கிப் பெருகிய அவையே பயிரைக் கருக்கின.

இந்நோய்க்குப் பாக்டீரியா இலைக்கருகல் என்பது பெயர். இதனை விளைக்கும் கிருமியைச் சாந்தோமோனாஸ் ஒரைசே என்பர். ஜப்பான் நாட்டின் புக்குவோக்காப் பகுதி உழவர்கள் 1884-ஆம் ஆண்டிலேயே இதனைக் கண்டதாகக் குறிப்பு உளது. நம் நாட்டில் 1963-இல் பீகாரைச் சேர்ந்த ஷாஹாபாத் மாவட்டத்தில் இது பெருவாரியாய்ப் பரவிற்று. பின்னர்க் குட்டையாய் வளர்ந்து மிகுந்த உரத்தைத் தாங்கும் புதுநெல் வகைகள் வந்த காலத்து, அவற்றின் பின்னோடு வந்த நிழல்போல் இந்நோயும் பல மாகாணங்களில் தலையெடுத்தது. தழைச்சத்து மிகுந்த பயிர் இக்கிருமிக்கு நல்விருந்து. நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளும் வழக்கமும் அதற்கு வாயில் திறந்துவிடுவதேயாம்.

இக்கிருமி நோய் செய்யும் ஆற்றலை எவ்வெம் மரபணுக்களாற் பெறுகின்றது என்பது கடந்த நாற்பது ஆண்டுகளிற் பெரிதும் தெளிவாயிற்று. அத்தெளிவு ஆய்வேடுகளில் அடங்கிக் கிடத்தல் போதாது. எந்த நெல்லை உழவர் கையிற் கொடுப்பது எனத் தீர்மானிப்போர் பயிரின் மரபணுக்களை மட்டும் எண்ணாது, கிருமியின் மரபணுக்களையே முதற்கணக்காகக் கொள்ளல் வேண்டும் என்பது நம் கருத்து. இக்கருத்தினை நிறுவுதற்கு விஷயத்தைச் சற்று அடியிலிருந்தே சொல்லல் வேண்டும்.

பாக்டீரியாக்கள் பயிர்களுக்கு நோய் செய்யும் என்பதே நெடுங்காலம் பலரால் ஒப்பப்படவில்லை. அமெரிக்க நாட்டு இல்லினாய்ஸில் பரில் என்னும் ஆசிரியர், பேரிமரங்கள் தீயிற் பட்டனபோற் கருகுவதற்குக் கிருமிகளே காரணம் என 1880-ஆம் ஆண்டையொட்டிக் கூறினார். ஐரோப்பாவிலோ, ஆல்பிரட் பிஷர் என்னும் ஜெர்மானியப் புலவர் அந்நூற்றாண்டின் இறுதிவரை அதனை மறுத்தெழுதினார். அமெரிக்கரான எர்வின் ஸ்மித் அவருக்கு மறுமொழி கூறி வாதிட்டு வென்றார். அவ்வாதம் இன்று பழங்கதை. ஆயின் அதனுள் ஒரு நியாயமான வினா மறைந்திருந்தது. மண்ணிலும் நீரிலும் இலையின் மேலும் எண்ணிறந்த கிருமிகள் வாழ்கின்றன. அவற்றுட் பெரும்பாலன பயிருக்கு யாதொரு தீங்கும் செய்வதில்லை. மிகச் சிலவே பகையாகின்றன. அவற்றிடம் மட்டும் உள்ளது யாது?

இதற்கு விடையின் முதற்பகுதி 1986-இற் கிடைத்தது. பனோபுலோஸ் முதலியோர் பீன்ஸ் செடியைப் பற்றும் சூடோமோனாஸ் கிருமியொன்றை எடுத்து, அதன் மரபணுக்களைப் பல இடங்களிற் சிதைத்துப் பார்த்தனர். சிலவிடத்துச் சிதைவு நேர்ந்த கிருமிகள் பீன்ஸ் செடியில் நோய் செய்யமாட்டாதன ஆயின. அஃது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது, அவை புகையிலைச் செடியிலும் ஒரு மாறுதலையும் உண்டாக்கவில்லை என்பது. அக்கிருமி புகையிலைக்கு உரிய பகை அன்று. அது புகுந்தவிடத்துப் புகையிலை தன் உயிரணுக்கள் சிலவற்றைத் தானே மாய்த்து, கிருமியை அப்பாற் செல்லவொட்டாது சிறையிடும். சிதைந்த கிருமியைப் புகையிலை கண்டுகொள்ளவேயில்லை. நோயும் எதிர்ப்பும் என மாறுபட்ட இரண்டும் ஒரே வாயிலைச் சார்ந்தன என்பது இதனாற் புலனாயிற்று.

அம்மரபணுக்கள் சமைப்பது ஓர் ஊசி என்பது பின்னர் விளங்கிற்று. கிருமி தன் உடலினின்றும் அவ்வூசியை நீட்டிப் பயிரின் உயிரணுவினுள் செலுத்தி, தான் ஆக்கிய புரதங்களை அதன் வழியே உட்பெய்கின்றது. மனிதரைக் கொள்ளைகொண்ட பிளேக் நோயின் கிருமியும் இவ்வகை ஊசியையே உடைத்து. எலியும் மனிதனும் நெல்லும் எத்துணை வேறுபட்டன! அவற்றைத் தாக்கும் படைக்கலமோ ஒரே பட்டறையில் அடித்தது போன்றிருக்கின்றது.

ஊசி கருவியே, அதன்வழிச் செல்லும் சரக்கே நோய். நெல்லின் கிருமி அனுப்பும் புரதங்களுள் டேல் எனப்படும் ஒரு குடும்பம் தலைமையானது. ஆசியக் கிருமிகளுள் சிலவற்றில் இக்குடும்பத்து மரபணுக்கள் 15-க்கும் மேற்பட்டுள்ளன. ஆப்பிரிக்கக் கிருமிகளில் எட்டோ ஒன்பதோ உண்டு. இப்புரதம் பயிரின் உயிரணுவினுள் நுழைந்து, அதன் நடுவிலுள்ள உட்கருவை அடைந்து, நெல்லின் மரபணுவொன்றின் முகப்பிலே அமர்ந்து, உறங்கும் அதனை எழுப்பிவிடுகின்றது. கிருமியின் புரதம் நெல்லின் எழுத்தை எங்ஙனம் படிக்கின்றது என்பது 2009-இல் ஜெர்மனியில் ஹாலே நகரத்தாரும் அமெரிக்காவில் அயோவாவிலிருந்தோரும் தனித்தனியே கண்டனர். அப்புரதத்தில் ஏறக்குறைய 34 அமினோ அமிலங்கள் கொண்ட கண்ணிகள் சங்கிலிபோல் அடுத்தடுத்து வருகின்றன. கண்ணிகள் எல்லாம் ஒருபடித்தாயிருக்க, ஒவ்வொன்றிலும் 12-ஆம் 13-ஆம் இடங்கள் மட்டும் மாறுகின்றன. அவ்விரண்டும் சேர்ந்து நெல்லின் டி.என்.ஏ.யில் ஓரெழுத்தைச் சுட்டும். கண்ணிகளை வரிசையாகப் படித்தால் அக்கிருமி நெல்லின் எம்மரபணுவை எழுப்பக் கருதியது என்பதை நாமே படித்துவிடலாம். பகைவன் எழுதிய மறைமொழிக் கடிதம் நம் கையிற் சிக்கியதோடு, அதனைப் படிக்கும் திறவும் உடன் கிடைத்தது என்றே கூறலாம்.

அக்கடிதத்திற் கண்டது யாது? சர்க்கரை. பயிர் தான் ஆக்கிய சர்க்கரையை உயிரணுவினின்றும் வெளியேற்றுதற்குச் சில வாயில்களை வைத்துள்ளது. அவற்றை ஆக்கும் மரபணுக்களுக்கு ஆங்கிலத்தில் ஸ்வீட் எனப் பெயரிட்டனர். பெயரிட்டோர் நகைச்சுவை அறிந்தோர் போலும். 2010-இல் வெளியான ஆய்வால் இவற்றின் தொழில் விளங்கிற்று. நீர்க்குழாயில் ஓடும் நீர் பெரும்பாலும் வெறுநீர். அதில் வாழப் புகுந்த கிருமிக்கு உணவு அரிது. ஆகவே அது நெல்லின் ஸ்வீட் மரபணுக்களுள் 11, 13, 14 என எண்ணிட்ட மூன்றில் ஒன்றையேனும் தட்டியெழுப்பிச் சர்க்கரையைக் கசியச் செய்கின்றது. வீட்டுக்காரன் களஞ்சியத்தை அவன் கையாலேயே திறப்பிக்கும் கள்ளம் இது. இக்கள்ளம் பலிக்காதபோது கிருமி இலையினுட் புகுந்தும் பெருக இயலாது மெலிகின்றது.

இடையே ஒன்று கூறி மேற்செல்வோம். இப்புரதத்தின் படிக்கும் திறனைக்கொண்டு ஆய்வாளர் மரபணுவை வேண்டிய இடத்தில் வெட்டும் கத்தரியொன்று செய்தனர். அக்கத்தரியாற் செப்பஞ்செய்த குருதியணுக்களைக் கொண்டு 2015-இல் லண்டன் மாநகரில், வேறு மருந்துக்கு அடங்காத இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தையொன்றுக்குச் சிகிச்சை நடைபெற்றது. பயிர்நோய் ஆய்வு உழவர் வயலோடு முடிவது, ஏனையோர்க்கு அதனால் ஆவதொன்றில்லை என்போர் இதனை எண்ணுவாராக.

இனிப் பயிரின் காவலைப் பார்ப்போம். வட டகோட்டாவில் ஃப்ளோர் என்பார் ஆளிவிதைச் செடியின் துருநோயை ஆராய்ந்து, பயிரில் எதிர்ப்புத் தரும் ஒவ்வொரு மரபணுவுக்கும் நோய் விளைக்கும் உயிரில் இணையான ஒரு மரபணு உண்டு என 1940-களிற் காட்டினார். அவர் ஆராய்ந்தது பூஞ்சை. பாக்டீரியாவிலும் அங்ஙனமே என்பதற்குச் சான்று, 1984-இல் ஸ்டாஸ்கவிட்ஸ் முதலியோர் சோயாமொச்சையின் கிருமியிலிருந்து அத்தகைய மரபணுவொன்றைப் பிரித்தெடுத்தபோது கிடைத்தது. இதன் கருத்து யாதெனில், பயிரின் காவலன் கிருமியை முழுதாய் அறிவதில்லை; அதன் ஓர் அடையாளத்தை மட்டுமே அறிகின்றான். கிருமி அவ்வடையாளத்தைக் களைந்துவிடின் காவலன் விழித்திருந்தும் குருடனே.

இது வெறுங் கோட்பாடன்று. திருவள்ளூரை அடுத்த திரூர் நெல்லாராய்ச்சி நிலையத்து டி.கே.எம். 6 என்னும் நெல்லில் எக்ஸ்ஏ-4 என்ற காவல் மரபணு இருந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டுச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அந்நெல்லை ஒரு பெற்றோராகக் கொண்டு 1969-இல் ஐ.ஆர். 20 என்னும் நெல்லை வெளியிட்டனர். நம் உழவர் பலகாலம் பயிரிட்ட நெல் அது. தமிழ்நாட்டு நெல்லொன்றின் காவல் ஆசியாவின் பல வயல்களுக்குச் சென்றது நமக்குப் பெருமையே. ஆயின் நிகழ்ந்தது யாது? பிலிப்பைன்ஸில் எக்ஸ்ஏ-4 உடைய நெல்வகைகள் எங்கும் பரவப்பரவ, முன்பு அருகியிருந்த வேறொரு கிருமிவகை தலைமை பெற்றது. எக்ஸ்ஏ-4 அதனைத் தடுக்க மாட்டாததாயிற்று. காவலனொருவனையே ஊர் முழுதும் நிறுத்தினால், அவனை ஏய்க்கக் கற்ற கள்வன் ஊர் முழுதுக்கும் உரியனாவான்.

இவ்வாறு தோல்வி நேர்ந்தபின் வேறொரு காவலனைத் தேடுவதும், அவனும் தோற்றால் மூன்றாமவனைத் தேடுவதுமே பலகாலம் முறையாயிருந்தது. வேறுமுறை உண்டு என்பதைக் காட்டியோர் வேரா குருஸ், லீச் முதலியோர். அவர்களது 2000-ஆம் ஆண்டு ஆய்வின் வினா எளிது: ஒரு காவலனை ஏய்ப்பதற்காகக் கிருமி தன் மரபணுவொன்றைக் களையுமாயின், அக்களைவால் அது இழப்பது எவ்வளவு? இழப்புச் சிறிதாயின் கிருமி தயங்காது களையும். காவல் விரைவில் வீழும். இழப்புப் பெரிதாயின் களைந்த கிருமி வலியிழந்து, ஏனையவற்றோடு போட்டியிட மாட்டாது பின்னடையும். எக்ஸ்ஏ-7 என்னும் காவல் கிருமியின் டேல் புரதங்களுள் ஒன்றைக் கண்டு விழிப்பது. அப்புரதமோ ஸ்வீட்-14 என்னும் சர்க்கரை வாயிலைத் திறக்கும் திறவுகோல். அதனைக் களைந்த கிருமிகள் பயிரைத் தாக்கும் வலியிற் குறைந்தன. ஆகவே அக்காவல் நீடித்து நிற்கும் என முன்கூட்டியே கூறினர். பிலிப்பைன்ஸின் சோதனை வயல்களில் அது பத்தாண்டுக்கு மேல் நிலைத்ததும், ஏனைய காவல்கள் தளரும் வெம்மைமிக்க பருவத்தில் இது வலுத்ததும் 2010-இல் வெளியான ஆய்வாற் தெரிகின்றன. வெப்பம் ஏறிவரும் இக்காலத்து இச்செய்தி மிகுந்த கவனத்துக்கு உரியது.

எக்ஸ்ஏ-7 காவல் செய்யும் விதம் 2021-இல் வெளியான ஆய்வுகளால் தெளிவாயிற்று. இம்மரபணுவின் முகப்பிலே கிருமிப்புரதம் தேடும் எழுத்துக்கோவையே அமைந்துள்ளது. கிருமி தன் திறவுகோலை இடுகின்றது. திறப்பது சர்க்கரைக் களஞ்சியமாகாது, அவ்வுயிரணுவை மாய்த்துக் கிருமியை அடைக்கும் பொறியாகிறது.

நாம் கூறவந்த கருத்து இங்கு முழுவதும் அடங்கியுள்ளது. காவலனின் வீரத்தைப் பார்த்து அவனைத் தெரிதல் தவறு; அவனை ஏய்ப்பதற்குப் பகைவன் கொடுக்கவேண்டிய விலையைப் பார்த்தே தெரிதல் வேண்டும். அவ்விலை கிருமியின் மரபணுவில் எழுதப்பட்டிருக்கின்றது.

காவலரைப் பலராய்ச் சேர்த்து நிறுத்தும் முறையும் இதனோடு இயைந்ததே. ஹைதராபாத்திலுள்ள நெல்லாராய்ச்சி நிலையத்தாரும் உயிரணு மூலக்கூறு உயிரியல் நிலையத்தாரும் கூடி, நம் நாட்டில் ஆந்திரா பொன்னி என வழங்கும் சம்பா மசூரி நெல்லில் மூன்று காவல் மரபணுக்களை மரபுவழி ஒட்டுமுறையாற் புகுத்தி 2008-இல் வெளியிட்டனர். அம்மூன்றனுள் எக்ஸ்ஏ-5 என்பது டேல் புரதம் பற்றிக்கொள்ளும் நெல்லின் உறுப்பொன்று சிறிது மாறியமைந்தது. எக்ஸ்ஏ-13 என்பது ஸ்வீட்-11 வாயிலின் முகப்பெழுத்து மாறிக் கிருமியின் கண்ணுக்குப் புலனாகாமற் போனது. எக்ஸ்ஏ-21 மாலி நாட்டுக் காட்டுநெல்லிலிருந்து கட்டாக்கிலும் பிலிப்பைன்ஸிலும் நிகழ்ந்த உழைப்பால் நம் நெல்லுக்கு வந்தது. 1995-இல் பமீலா ரொனால்ட் குழுவினர் அம்மரபணுவைப் பிரித்தெடுத்தனர்.

அக்குழுவினர் எக்ஸ்ஏ-21 கண்டறியும் கிருமியடையாளம் இன்னதென ஒரு காலத்து வெளியிட்டனர். பின்னர்த் தம் சாலையிலேயே சோதனை பிறழ்ந்தது கண்டு, 2013-இல் தாமே அவ்வாய்வுரைகளைத் திரும்பப் பெற்றனர். மீண்டும் தொடங்கி 2015-இல் மெய்யான அடையாளத்தை வெளியிட்டனர். அது பயிரின் வளர்ச்சிக் குறியொன்றைப் போல வேடம்பூண்ட சிறு புரதத்துண்டு. பிறர் குற்றங்கூறுமுன் தம் ஏட்டைத் தாமே கிழித்த அச்செயல் அவர்தம் கண்டுபிடிப்பினும் சிறிதன்று என நாம் கருதுகின்றோம்.

மூவர் காவலையும் ஒருங்கே கடத்தல் கிருமிக்கு அரிது. ஆயின் இங்கே ஓர் அபாயம் உளது. நம் கட்டுரையின் நோக்கமே அதனைச் சுட்டுதல். எக்ஸ்ஏ-21 தனித்து நிற்கும் நெல்லும், எக்ஸ்ஏ-13 தனித்து நிற்கும் நெல்லும், மூன்றும் சேர்ந்த நெல்லும் ஒரே ஆற்றுப் பாசனத்தில் அடுத்தடுத்துப் பயிராகுமேல், கிருமிக்கு நாம் படிகட்டிக் கொடுத்தவராவோம். முதல்வயலில் ஒருவனை ஏய்க்கக் கற்கும். அடுத்த வயலில் மற்றொருவனை. மூவரும் கூடிய வயலுக்கு வரும்பொழுது அது தேர்ந்த மாணாக்கனாய் வரும். எக்ஸ்ஏ-21 ஒன்றை மட்டும் வெல்லும் கிருமிவகைகள் இந்தியாவில் முன்னரே காணப்பட்டுள்ளன. ஆகலின் ஒற்றைக் காவலுடைய நெல்லை வெளியிடுதலை அரசினரும் ஆய்வு நிலையங்களும் அறவே விட்டொழித்தல் தகும்.

இதற்கு மறுப்பு உண்டு. காவல்களைச் சேர்ப்பதற்கு ஆண்டுகள் பல ஆகும், அதுவரை உழவர் இழப்பதை யார் ஈடுசெய்வது என்பர். இம்மறுப்பைப் புறக்கணித்தல் ஆகாது. கருகிய வயலுக்கு உரியவனுக்கு இருபதாண்டுக்குப் பின்வரும் நன்மையைப் பேசுதல் பசித்தவனுக்குப் பஞ்சாங்கம் படிப்பதேயாம். ஆயினும் மரபணுக் குறிகளைக் கொண்டு நாற்றிலேயே தெரிந்தெடுக்கும் முறை வந்தபின் அக்காலம் பெரிதும் சுருங்கிற்று. மேலும், ஒற்றைக் காவல் சிலவாண்டுகளில் வீழ்ந்தால் இழப்போன் அவ்வுழவனே. இழந்தபின் அக்காவல் மரபணு வேறெவர்க்கும் பயன்படாது. காவல் மரபணுக்கள் அள்ள அள்ளக் குறையாதன அல்ல. அவை பொதுச்சொத்து, ஒரு நிலையம் தன் பெயருக்காக ஒன்றைச் செலவழித்தால் ஏனைய நாடுகளின் வைப்பும் குறையும்.

வேறு சிலர் மருந்து தெளித்தால் தீர்ந்தது என்பர். இதனை நாம் வன்மையாக மறுக்கின்றோம். ஸ்ட்ரெப்டோமைசின் க்ஷயரோகத்தைத் தீர்க்க வந்த மருந்து. அமெரிக்க நாட்டு ஆப்பிள், பேரித் தோட்டங்களில் அதனைத் தெளித்து வந்ததன் பயனாக, 1971-இலேயே கலிபோர்னியாவில் அம்மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் தோன்றின. பயிர்க் கிருமிகளில் அவ்வஞ்சாமையைத் தரும் மரபணுக்களுட் சில, மனிதரிடத்தும் விலங்கிடத்தும் உள்ள கிருமிகளிலும் காணப்படுகின்றன. கிருமிகள் தம்முள் மரபணுக்களைக் கைமாற்றிக்கொள்வன ஆதலின், வயலிற் கற்பித்த பாடம் ஆஸ்பத்திரியில் ஒப்பிக்கப்படலாம். தன் வயலைக் காப்பதாக எண்ணி மருந்துக்குப் பணமிறைக்கும் உழவனை நாம் குறைகூறவில்லை. வேறு வழியை அவனிடம் கொண்டுசேர்க்காதவர்களையே குறைகூறுகின்றோம்.

அண்மைக்காலத்து, நெல்லின் மூன்று ஸ்வீட் மரபணுக்களின் முகப்பெழுத்தையும் திருத்திக் கிருமியின் திறவுகோல் பொருந்தாவாறு செய்த நெல்வகைகள் 2019-இல் ஆய்வுச்சாலைகளினின்றும் வெளிவந்தன. வாயில்கள் தம் தொழிலைச் செய்கின்றன. கள்வன் மட்டும் திறக்கமாட்டான். ஸ்வீட்-11 முழுதும் ஒடுங்கினால் நெல்லின் மகரந்தம் கெட்டுப் பதராகும். முகப்பை மட்டும் திருத்தியது அதனாலேயே. இம்முறையையும் கடைசி விடையாக எண்ணல் கூடாது. அதே 2019-இல் ஆப்பிரிக்காவின் டான்சானியாவில், அதுவரை அங்கில்லாத ஆசிய இனத்துக் கிருமிகள் இந்நோயைப் பரப்பின. அவை தேடிய எழுத்து ஆப்பிரிக்கக் கிருமிகள் தேடியதன்று. ஓரிடத்துக் கிருமியைக் கொண்டு வகுத்த காவல் மற்றோரிடத்துக்கு அப்படியே பொருந்தும் என்ற நம்பிக்கைக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை.

எனவே வட்டந்தோறும் வயல்களில் எவ்வகைக் கிருமி உள்ளது, அது எந்தச் சர்க்கரை வாயிலைத் தட்டுகின்றது எனக் காண்பதற்கு ஆண்டுதோறும் ஒரு கணக்கெடுப்பு நடைபெறல் வேண்டும். அதன் முடிவு கையிலிருக்கவே புதுநெல் வெளியிடப்படல் வேண்டும். கிருமி எவ்வாயிலைத் தட்டுகின்றது எனக் கண்டறியும் சோதனைப் பொருள்களை 2019-இன் ஆய்வாளர் தொகுத்து வெளியிட்டுள்ளனர். மரபணுவைப் படிக்கும் செலவும் முன்போல் பெரிதன்று. இதற்கு வேளாண்மைக் கல்லூரிகளையே நம்பியிருத்தல் வேண்டா. தாவரவியல் கற்பிக்கும் கல்லூரிகள் நெல்விளையும் ஊர்களுக்கு அண்மையில் பல உள்ளன. நம் மாணவருள் வேளாண்குடியிற் பிறந்தோரும் பலர். விடுமுறையில் ஊர் செல்வோர் கருகிய இலை சிலவற்றைச் சேகரித்து, ஊரும் நெல்வகையும் நாளும் குறித்து உலர்த்திக் கொணர்வரேல், ஒரு பருவத்திற்குள் ஆய்வு நிலையத்தார் மகிழ்ந்து பெற்றுக்கொள்ளத்தக்க தொகுதியொன்று சேரும். அதற்கு வேண்டுவன ஒரு கத்தரியும் சில காகித உறைகளுமே.